விலைச்சீட்டில் ஒரு டொலர்

ரொறன்ரோவில் பனி முற்றாகக் கரைந்து, மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை நெருங்கிவிட்டால் தெருமுனைகளில் பளிச்சென்ற மஞ்சளும் இளஞ்சிவப்புமாய் அட்டைகள் தொங்கத் தொடங்கும். தடித்த கறுப்பு மையில் ‘கராஜ் சேல்’ என்று எழுதியிருக்கும். கீழே வீதியின் பெயர், வீட்டு இலக்கம், சனி காலை எட்டு மணி என்ற குறிப்பு, ஓர் அம்புக்குறி. இலையுதிர்காலக் குளிர் வரும்வரை சனிக்கிழமைதோறும் அந்த அம்புக்குறிகளின் பின்னால் ஒரு கூட்டம் நகரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். நெடுங்காலம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பிறகு அம்புக்குறி வரைகிற பக்கத்துக்கும் வந்துசேர்ந்தேன். ஒரு வீட்டுக்காரர் தன் பழைய சாமான்களைத் தானே வாசலில் பரப்பி, முன்பின் தெரியாதவர்களுக்குச் சில்லறைக் காசுக்கு விற்கிறார். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் இந்த நாடு புதியவர்களுக்குத் தருகிற நல்ல வரவேற்புகளில் இதுவும் ஒன்று என்பது என் நம்பிக்கை.

1983க்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஈழத்தமிழரில் நானும் ஒருவன். எண்பதுகளின் பிற்பகுதியில் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் பெடியள் சிலர் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். ஆளுக்கொரு பயணப் பை, அதற்குமேல் உடைமை இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவியும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தும் வந்த காசில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது, பயணத்துக்குப் பட்ட கடன் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். குளிரோ யாருக்கும் தவணை கொடுப்பதில்லை. ஜக்கெற் வேண்டும், பூட்ஸ் வேண்டும், சோறு காய்ச்சச் சட்டி வேண்டும், இங்கிலிஷ் வகுப்புக்குப் படிக்க ஒரு மேசைவிளக்கு வேண்டும்.

எங்களுக்கு முன்னரே வந்து, பழைய கார் ஒன்றும் வைத்திருந்த ஓர் அண்ணைதான் வழி காட்டினார். வெள்ளி இரவு வேலையால் வந்ததும் பத்திரிகையின் சிறுவிளம்பரப் பக்கத்தை மேசையில் விரிப்பார். பக்கத்தில் ‘பேர்லீஸ்’ வரைபடப் புத்தகம். ஒவ்வொரு முகவரியையும் தேடிப் பென்சிலால் வட்டமிட்டு, கிழக்கிலிருந்து மேற்காக மறுநாளுக்கு ஒரு பாதை வகுப்பார். கைப்பேசி வழி சொல்லாத காலம் அது.

விளம்பரத்தை வாசிப்பதிலேயே ஒரு நுட்பம் உண்டு என்பதை அவரிடம்தான் கற்றோம். ‘மூவிங் சேல்’ என்றால் வீட்டையே விட்டுப் போகிறார்கள். கதிரை, மேசை, அலுமாரி போன்ற பெரிய சாமான்கள் வெளியே வரும், பின்னேரத்துக்குள் எல்லாம் போயாகவேண்டும் என்பதால் விலையும் இறங்கும். ‘எஸ்டேட் சேல்’ என்றால் இறந்துபோனவரின் வீட்டுச் சாமான். தரமாக இருக்கும், விலை இலகுவில் அசையாது. ‘ஸ்ரீட் சேல்’ என்றால் தெரு முழுவதும் ஒரே நாளில் விற்கிறது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கால்நடையாகவே எல்லாம் பார்க்கலாம். அதனால் எங்கள் பாதை எப்போதும் ஸ்ரீட் சேலில்தான் தொடங்கும்.

ஸ்காபரோ அந்த நாட்களில் இதற்கு வாய்ப்பான இடமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டப்பட்ட ஒருமாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் பகுதி. இளம் குடும்பங்களாக அங்கே குடிவந்தவர்கள் நாங்கள் வந்தபோது முதுமையை எட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட, நிலக்கீழ்த் தளத்தில் ஒரு வாழ்நாளின் சாமான் அப்படியே இருந்தது. அவர்கள் சிறிய குடியிருப்புகளுக்கு மாறத் தொடங்கிய காலமும் நாங்கள் வெறுங்கையோடு வந்திறங்கிய காலமும் ஒன்றாக அமைந்தன. எங்கள் சமூகத்தின் முதல் குசினிகள் பலவற்றில் அந்த வீடுகளின் சட்டிபானைகளே இருந்தன.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவற்றையும் அண்ணை சொல்லித்தந்தார். மின்சாரச் சாமான் எதையும் செருகிப் பார்க்காமல் வாங்காதே. கேட்டால் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வயர் இழுத்துத் தருவார். ஜக்கெற்றின் சிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார், பொக்கற்றுக்குள் கைவிட்டு உள்துணி கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார். பூட்ஸை வளைத்து அடி வெடித்திருக்கிறதா என்று பார். சட்டியைக் கவிழ்த்து அடி தட்டையாக இருக்கிறதா என்று பார். ஊரில் உருண்டை அடிச் சட்டியை மூன்று கல்லில் வைக்கலாம், இங்கே மின்னடுப்பில் அது ஆடும், சூடும் ஏறாது. மெத்தையும் சோபாவும் எவ்வளவு மலிவானாலும் தொடாதே, மூட்டைப்பூச்சி வரும். காலையில் விலையை ஒருமுறைக்கு மேல் குறைத்துக் கேட்காதே. மதியத்துக்குப் பிறகு நாலைந்து சாமானைச் சேர்த்து வைத்து மொத்தமாக ஒரு விலை கேள், சந்தோசமாகத் தருவார்கள்.

எங்கள் குசினிக்கு முதலில் வந்தது கோர்னிங்வெயர் சட்டி ஒன்று. வெள்ளை நிறம், பக்கவாட்டில் சிறிய நீலப் பூக்கள். 1958இல் சந்தைக்கு வந்த வகை அது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து நேரே அடுப்பில் வைத்தாலும் வெடிக்காது. அதன் பிறகு கோரெல் கோப்பைகள். 1970இல் வந்தவை, மெல்லியவை, ஆனால் கைதவறி விழுந்தாலும் இலகுவில் உடையாதவை. மீன்குழம்பும் புட்டும் அந்தக் கோப்பைகளில்தான் சாப்பிட்டோம். அவற்றில் சில இப்போதும் என் வீட்டில் பாவனையில் உள்ளன.

தங்கச்சி வந்துசேர்ந்த கோடையில் அவளுக்கு ஒரு தையல் மிசின் தேடினோம். லோறன்ஸ் வீதிக்கு வடக்கே ஒரு வீட்டில், கராஜின் உட்புறத்தில், பொன்னிறச் சித்திரங்கள் பாதி அழிந்த கறுப்பு சிங்கர் ஒன்று மரப்பெட்டியோடு இருந்தது. விலை இருபது டொலர். வீட்டுக்காரர் முதியவர், மிசின் மனைவியுடையது என்றார், மனைவி உள்ளே கதிரையில் இருந்து யன்னலால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் காசை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. முதலில் பழகிக்கொள்ளச் சொன்னார். நூற்கட்டையைக் குத்தி, நூலை இறுக்கத் தட்டுகளுக்கிடையே செலுத்தி, ஏறியிறங்கும் நெம்பின் துளைக்குள் விட்டு, ஊசியில் கோப்பதுவரை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். தங்கச்சி ஊரில் கைமிசினில் சட்டைகள் தைத்தவள். ஆனாலும் ஒரு சொல் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். அவர் எழுந்ததும் மிசினின் முன்னால் அமர்ந்து, ஒரு துண்டுத் துணியில் கோடு கீறியதுபோல நேராக ஒரு தையல் ஓட்டினாள். அவர் துணியை எடுத்துப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிஸ்கற் தகரம் இருந்தது. உள்ளே பொபின்கள், ஊசிகள், பல நிற நூல்கள், பொத்தான்கள். அதற்குக் காசு இல்லை என்றார். மிசினுக்கு இருபதையும் எண்ணி வாங்கினார். விலையில் ஒரு சதம் குறைக்கவும் இல்லை, தையல் தெரிந்த கைக்குத்தான் அது போகிறது என்று தெரிந்தபின் கொடுக்கத் தயங்கவும் இல்லை. விற்பவருக்கும் ஒரு தேவை உண்டு என்பதை அன்று கண்டேன். தன் சாமான் நல்ல கையில் சேரவேண்டும் என்பதே அந்தத் தேவை.

அம்மா பிந்தித்தான் வந்தார். 1995இல் போரினால் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர்களில் அவரும் ஒருவர். திறப்பு அவருடைய கைப்பையில் கனடாவரை வந்தது. முதல் முறையாக ஒரு கராஜ் சேலைக் கண்டதும் காரிலிருந்து இறங்கவே மறுத்துவிட்டார்.

“என்ன பிள்ளை, உந்த வீட்டிலை ஆரும் மோசம் போட்டினமோ? ஏன் சாமானெல்லாம் வெளியிலை கிடக்கு?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுச் சாமான் விலைக்கு வருவதென்றால் அந்த வீடு நொடிந்துபோயிற்று என்றுதான் பொருள். அளவு காணாத சட்டை தங்கச்சிக்கு இறங்கும், தேவைக்கு மேற்பட்ட பாத்திரம் சகோதரி வீட்டுக்குப் போகும், கழித்த சாமான் வேலைக்கு வருபவர் கைக்குப் போகும். கொடுக்கலாம், விற்கக்கூடாது. விற்பது மானக்கேடு. அம்மாவின் கண்ணில் அந்தப் புல்தரையில் கிடந்தது ஒரு குடும்பத்தின் சிதைவு. எவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, இது இங்கே வழக்கம் என்று விளங்கப்படுத்தியபிறகுதான் இறங்கி வந்தார்.

ஒரு மேசையில் மடித்துவைத்திருந்த கம்பளிப் போர்வையை அம்மா தொட்டுப் பார்த்தார். கையால் பின்னிய போர்வை. வீட்டுக்காரப் பெண்மணி எங்களைக் கவனித்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர், வயதானவர், மெல்லிய சேலை. போர்வையை எடுத்து அம்மாவின் கையில் வைத்து, காசு வேண்டாம் என்று சைகை காட்டினார். அம்மா அதை மேசையில் திரும்ப வைத்துவிட்டார். என்னிடம் ஒரு டொலர் கேட்டு வாங்கி, அந்தத் தங்க நிற நாணயத்தைப் பெண்மணியின் முன்னால் நீட்டினார். அவர் தலையாட்டி மறுத்தார். அம்மா நீட்டிய கையை எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. கடைசியில் பெண்மணி நாணயத்தை வாங்கிக்கொண்டார், அம்மா போர்வையை எடுத்துக்கொண்டார்.

ஏனம்மா, அன்பாகத்தானே தந்தார் என்று காரில் கேட்டேன்.

“சும்மா தந்தா அது அவையின்ரை சாமான். காசு குடுத்தாத்தான் எங்கடை சாமான்,” என்றார்.

இதற்கு முன் நான் பெற்ற உதவிகள் அதன்பின் வேறு வெளிச்சத்தில் தெரிந்தன. தொண்டு நிலையங்களில் எங்களுக்கு உடுப்புத் தந்தவர்கள் நல்லவர்கள், அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் அங்கே வரிசையில் நின்று, பெயர் பதிந்து, கிடைத்ததை வாங்கி வரும்போது கழுத்து தானாகத் தாழும். கராஜ் சேலில் அப்படி இல்லை. நான் வாடிக்கையாளன். தூக்கிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டுப் போகலாம், விலை பேசலாம். டொக்டரும் வருவார், வியாபாரியும் வருவார், அகதியும் வருவார். எல்லாருக்கும் ஒரே விலைச்சீட்டு. வந்த புதிதில் இந்த நாட்டில் நான் சமமாக நின்ற முதல் இடம் அந்தப் புல்தரைதான்.

பிள்ளைகள் வளர்ந்து, மார்க்கம் நகரில் சொந்த வீடு வாங்கியபிறகு எங்கள் கராஜும் நிறைந்தது. நாங்களே விற்பது என்று தீர்மானித்தபோது வேலை இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, உடுப்புகளைத் தோய்த்து, உடைந்ததை நீக்கி, விலை ஒட்டவேண்டும். விலைச்சீட்டு இல்லாத சாமானைக் கூச்சமுள்ளவர்கள் எடுக்கமாட்டார்கள். விலை கேட்க மொழி போதாதவர்கள் தொடவும்மாட்டார்கள். இது எங்கள் சொந்த அனுபவம், அதனால் ஒரு கரண்டிக்குக்கூடச் சீட்டு ஒட்டினோம். 2013இல் ஒரு சத நாணயப் புழக்கம் நிறுத்தப்பட்டபிறகு கணக்கு இன்னும் சுலபம். 25 சதம், ஒரு டொலர் லூனி, இரண்டு டொலர் டூனி இவற்றுக்குள் விலையை அடக்கிவிடலாம். மிச்சம் கொடுக்க இந்த நாணயங்களை முதல்நாளே வங்கியில் மாற்றி இடுப்புப் பையில் வைத்திருக்க வேண்டும். அட்டையில் எழுத்து ஓடும் காரிலிருந்து வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். அட்டை எங்கே கட்டலாம், வருடத்தில் எத்தனை முறை விற்கலாம் என்பதற்குப் பல நகரசபைகளில் விதி உண்டு, பார்த்துக்கொள்வது நல்லது. விற்று முடிந்ததும் அட்டைகளைக் கழற்றுவது விற்றவரின் கடமை. எட்டு மணி என்று போட்டால் ஏழுக்கே வியாபாரிகள் வந்து பழைய நாணயம், இசைத்தட்டு, வேலைக்கருவி இருக்கிறதா என்று கேட்பார்கள். எட்டு மணிக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினோம். வேலை முடிந்து பஸ்ஸில் வருகிற ஒருவருக்கும் அதே வாய்ப்புக் கிடைக்கவேண்டும்.

விற்கக்கூடாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். சில்லுப் பூட்டிய குழந்தை நடைவண்டியைக் கனடா 2004 ஏப்ரலில் தடைசெய்தது. உலகில் இதைச் செய்த முதல் நாடு இதுவே. குழந்தை கண் இமைக்கும் நேரத்தில் உருண்டுபோய்ப் படிக்கட்டில் விழுந்த விபத்துகளே காரணம். கடையில் மட்டுமல்ல, வீட்டு வாசலில் விற்பதும் சட்டப்படி குற்றம். பக்கச்சட்டம் மேலும் கீழும் இறங்குகிற தொட்டிலையும் 2016 டிசம்பரில் தடைசெய்தார்கள். கார் இருக்கைகளில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். அந்தத் திகதி தாண்டியதை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. எங்கள் கராஜில் ஒரு பழைய நடைவண்டி இருந்தது. அதைக் கழற்றி, திரும்பப் பூட்ட முடியாதபடி உடைத்துக் குப்பையில் போட்டோம். மலிவு விலையில் வாங்க வருபவர்களின் குழந்தைக்கு ஆபத்தை விற்க எவருக்கும் உரிமையில்லை.

பிறகு கராஜ் சேலின் பெருவிழாக்களையும் தேடிப் போனேன். ஒட்டாவாவில் கிளீப் என்றொரு பகுதி. 1986 முதல் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்தப் பகுதியே தன் சாமான்களை வாசலுக்குக் கொண்டுவருகிறது. விற்பவர்கள் வருமானத்தில் பத்து வீதத்தை ஒட்டாவா உணவு வங்கிக்குக் கொடுக்கும்படி கேட்கப்படுகிறார்கள். நான் போன அன்று படியில் உட்கார்ந்து தன் விளையாட்டுக் கார்களை விற்ற ஒரு சிறுவன், உணவு வங்கிக்கென்று தனியாக ஒரு கண்ணாடிப் போத்தல் வைத்திருந்தான். ஒவ்வொரு விற்பனைக்கும் அதில் ஒரு நாணயம் போட்டான். அமெரிக்காவில் 1987இல் டென்னசி மாநிலத்துச் சிற்றூர்களுக்குப் பயணிகளை இழுக்கத் தொடங்கிய விற்பனை ஒன்று, இன்று 127ஆம் இலக்கச் சாலையை முதுகெலும்பாகக் கொண்டு மிச்சிகனிலிருந்து அலபாமாவரை ஆறு மாநிலங்களில் 690 மைல் நீள்கிறது. ஓகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது.

பத்திரிகைகள் பெரிதாகப் போடுவது புதையல் கதைகளை. நியூயோர்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 2007இல் மூன்று டொலருக்கு மிகாத விலையில் வாங்கிய சிறு வெள்ளைக் கிண்ணம், வடசோங் காலத்து ஆயிரம் வருடப் பழைய சீனப் பீங்கான் என்று தெரியவந்து, 2013இல் சதபிஸ் ஏலத்தில் 22 லட்சம் டொலருக்கு மேல் போனது. உண்மைக் கதைதான். ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தேடிச் சுற்றுகிறவர்கள், கோப்பையைக் கவிழ்த்து முத்திரை பார்ப்பார்கள். விற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். இருபது டொலர் சிங்கர் மிசின் தங்கச்சிக்கு ஒரு தொழிலையே கொடுத்தது. பக்கத்து வீடுகளுக்குச் சாரி பிளவுஸ் தைத்துத் தொடங்கியவள், பிறகு கல்யாண உடுப்புகள்வரை தைத்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த புதையல் அது.

2005இல் கிஜிஜி என்ற இணையத்தளம் கனடாவுக்கு வந்தபிறகும், பின்னர் முகநூல் சந்தை வந்தபிறகும் பெரிய சாமான்கள் இணையத்துக்குப் போய்விட்டன. அதில் வசதி உண்டு, நானும் பாவிக்கிறேன். ஆயினும் அங்கே தேவை என்னவென்று முன்கூட்டியே தெரிந்தவர்தான் தேடமுடியும். புதிதாக வந்தவருக்குத் தன் தேவை இன்னதென்றே தெரியாது. பனி வழிக்கும் சவள், காரின் கண்ணாடி சுரண்டும் கருவி, பூட்ஸ் வைக்கும் தட்டு என்பவற்றை ஒரு மேசையில் கண்டு, இது எதற்கு என்று கேட்டுத்தான் நான் இந்த நாட்டுக் குளிர்காலத்தைப் படித்தேன்.

2016 பெப்ரவரி முடிவதற்குள் கனடா 25,000க்கு மேற்பட்ட சிரிய அகதிகளை ஏற்றிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் வாசலுக்கு ஒரு சிரியக் குடும்பம் வந்தது. தகப்பன், தாய், இரண்டு பெண்பிள்ளைகள். தாய் ஒரு பெரிய சட்டியின் மூடியைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். தகப்பன் பிள்ளைகளின் தோளில் ஜக்கெற்றுகளை வைத்து அளந்தார். என் மனம் இளகிவிட்டது. எல்லாவற்றையும் அப்படியே அள்ளிக் கொடுத்துவிட வேண்டும்போல இருந்தது. அம்மா வாசற்படியில் கதிரை போட்டு இருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

“காசை வாங்கு பிள்ளை. குறைச்சு வாங்கு, ஆனா வாங்கு.”

சட்டிக்கு ஒரு டொலர், ஜக்கெற்றுகளுக்கு ஆளுக்கொரு டொலர் என்றேன். தகப்பன் பொக்கற்றிலிருந்து நாணயங்களை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, இந்த நாட்டுக் காசு இன்னும் பழகாத கையால், ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து எண்ணித் தந்தார். பிறகு என் கையைக் குலுக்கினார். மூத்த பிள்ளை ஜக்கெற்றை வெயிலிலேயே போட்டுக்கொண்டு, அது தன்னுடையது என்று தங்கையிடம் சொல்வது பாஷை தெரியாமலே விளங்கியது.

அம்மா இப்போது இல்லை. அவர் சொன்னதைத்தான் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லிவருகிறேன். உங்கள் கராஜிலும் நிலக்கீழ்த் தளத்திலும் நல்ல நிலையில் சாமான் கிடந்தால், ஒரு கோடைச் சனிக்கிழமை வெளியே கொண்டுவாருங்கள். துடைத்து, சோதித்து, ஆபத்தானதை விலக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் விலை எழுதுங்கள். மிஞ்சியதைத் தொண்டுக் கடைக்குக் கொடுங்கள். புதிதாக வந்த ஒருவர் தயங்கித் தயங்கி வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடுங்கள், சாமானைச் செருகிக் காட்டுங்கள், எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். அவர் கொடுக்கக்கூடிய விலையைச் சொல்லி, அந்தக் காசை மரியாதையாகக் கைநீட்டி வாங்குங்கள். இந்த நாட்டில் தன் காசில், தானே தெரிந்தெடுத்து வாங்கிய முதல் சாமானோடு அவர் வீட்டுக்குப் போகட்டும்.